துண்டுக்குள் பேசும் விரல்கள்

அன்புள்ள திருப்பூர்த் தம்பிக்கு,

கோவை டவுன்ஹால் பக்கம் கேமராவைத் தூக்கியதுமே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒரு கடைக்காரர் சத்தம் போட்டார் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். யார் கண்ணிலும் படாமல் தெருவில் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

தொடக்கத்தில் நானும் ஒளிந்து எடுத்தவன்தான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில், ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு 200 மி.மீ. லென்ஸை நீட்டினேன். செவ்வாயும் வியாழனும் கூடுகிற சந்தை. கேரளத்து வியாபாரிகள் வந்து மாடு பிடித்துப் போவார்கள். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்கும் விலை தெரியாது. அந்தத் துண்டைத்தான் நான் தூரத்திலிருந்து குறிவைத்தேன். தரகர் ஒருவர் பார்த்துவிட்டார். கையை உருவிக்கொண்டு நேராக வந்தார். “ஏனுங்க, மறைஞ்சு நின்னு எதுக்குங்க எடுக்கறீங்க?” என்றார். கோபம்கூட இல்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பேரமும் அன்று முறிந்துபோனது.

அடுத்த மூன்று வாரம் கேமராவைப் பையிலேயே வைத்திருந்தேன். டீ குடித்தேன், மாட்டுக்குப் பல் பார்ப்பதை வேடிக்கை பார்த்தேன், கேட்டவர்களுக்கு நான் யாரென்று சொன்னேன். நான்காவது வாரம் அதே தரகர், “இன்னைக்குப் பொட்டியத் தொறக்கலீங்களா?” என்றார். இரண்டு முழத் தூரத்தில் நின்று எடுத்தேன். நீலக்கரை போட்ட துண்டு, அதன் ஓரத்தில் தெரியும் ஒரு கட்டைவிரல் நகம், அதில் ஒட்டிய சாணம். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணில் படாமல் இருப்பதென்றால் எனக்குத் தெரிந்து இதுதான். கோவை ஆர்.எஸ்.புரம் பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். சத்தியமங்கலத்து மல்லிகை மூட்டை இறங்குகிற நேரத்தில் புது ஆள் யார், வாடிக்கை யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு முழம் பூ வாங்குகிறவனை அந்த இடம் ஏற்றுக்கொள்ளும்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பு தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது கார்த்தியே-பிரெஸோன் திருவண்ணாமலையில்தான் இருந்தார். எவ்வளவு டேப் ஒட்டினாலும் ஒரு பிரெஞ்சுக்காரர் அந்த ஊரில் மறைந்துவிட முடியுமா? ஆகவே டேப்பை நம்பாதீர்கள்.

கருவி விஷயம் கொஞ்சம்தான். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல் வைத்து, மூன்று மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால், ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் தெளிவாக விழும். கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள். எடுத்ததும் குனிந்து திரையைப் பார்க்காதீர்கள். எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைப்பது அந்தக் குனிவுதான்.

பஸ் ஸ்டாண்டில் அசந்து தூங்குகிறவரை, குளிக்கிறவரை, அழுகிறவரை எடுக்காதீர்கள். பொது இடம்தானே என்று வாதாட வேண்டாம். அவர்கள் மேல் போர்த்திக்கொள்ளத் துண்டு இல்லை, அவ்வளவுதான். வேண்டாமென்று ஒருவர் கையை ஆட்டினால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள். நல்ல படம் போனாலும் போகட்டும்.

அந்தத் தரகருக்குப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

வருகிற செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சிக்குப் போங்கள் தம்பி. முதல் வாரம் கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். நான்காவது வாரம் எடுத்த படத்தை எனக்கு அனுப்புங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்