ஜூம் 83-லிருந்து 125: அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



போன மாசம் என் சித்தப்பா பையன் ஒரு லிங்க் அனுப்பினான். நிக்கான் கூல்பிக்ஸ் பி1100. கீழே ஒரே ஒரு கேள்வி: "அண்ணா, நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. மாசம் 7,500தான். போட்டுடவா?"

பையனுக்கு 27 வயசு. ஓஎம்ஆர்-ல ஐடி வேலை. கையில ஏற்கெனவே ஒரு நிக்கான் பி900 இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில பள்ளிக்கரணைக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பான். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, இது ஒண்ணுதான் ஆசை. அதனால "வேண்டாம்டா"ன்னு ஒரே வார்த்தையில சொல்ல எனக்கு மனசு வரல. அப்படிச் சொல்ற தகுதியும் எனக்கு இல்ல. 2019-ல இதே பி900-ஐ வித்துட்டு, இஎம்ஐ-ல பி1000 வாங்கினவன் நான். 1,415 கிராம் எடை. முதல் மூணு மாசம் தோளில் தொங்கியது, அப்புறம் அலமாரிக்குப் போயிடுச்சு.

அதனால ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கேமரா, பைக், ஃபோன், லேப்டாப் எதுவானாலும் இதே முறையை நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

கேள்வியை மாத்துங்க

"புது கேமரா நல்லா இருக்கா?" என்பது தப்பான கேள்வி. நல்லாத்தான் இருக்கும். சரியான கேள்வி இது: "பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? அந்த வித்தியாசத்துக்கு மட்டும் நான் எவ்வளவு கொடுக்கிறேன்?"

முதல்ல எதுல என்ன இருக்குன்னு பார்த்துடுவோம்.

பி900 (2015): 83 மடங்கு ஜூம், 24 முதல் 2000 மி.மீ. வரை. 16 மெகாபிக்சல். ரா ஃபைல் கிடையாது. எடை 899 கிராம்.

பி1000 (2018): 125 மடங்கு ஜூம், 3000 மி.மீ. வரை. அதே 16 மெகாபிக்சல். ரா, 4கே வீடியோ உண்டு.

பி950 (2020): பி900-ல் இருந்த அதே 83 மடங்கு ஜூம். கூடுதலாக ரா, 4கே, இன்னும் தெளிவான வியூஃபைண்டர். எடை சுமார் ஒரு கிலோ.

பி1100 (2025): பி1000-ல் இருந்த அதே 125 மடங்கு ஜூம், அதே 16 மெகாபிக்சல். யுஎஸ்பி-சி வந்திருக்கு, சில சின்னச் சின்ன மாற்றங்கள்.

ஒண்ணு கவனிச்சீங்களா? நாலு கேமராவிலும் சென்சார் அளவு ஒண்ணுதான், 1/2.3 அங்குலம். ஏறக்குறைய உங்க சுண்டுவிரல் நகம் அளவு.

உங்க படங்களே சாட்சி சொல்லும்

தம்பியோட புகார் ரெண்டு: "பறவை தூரமா இருக்கு, ஜூம் பத்தல. காலையில எடுத்தா படம் புள்ளி புள்ளியா வருது."

நான் அவன் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எந்த ஜூம், எந்த ஷட்டர் வேகம், எந்த ஐஎஸ்ஓ என்று எழுதி வைக்கும். படத்தின் மேல் ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பார்த்தால் தெரியும். பி900-ல் முழு ஜூமில் எடுத்த படத்துக்கு ஃபோக்கல் லென்த் 357 மி.மீ. என்று காட்டும். அதுதான் 2000 மி.மீ.க்குச் சமம்.

ஒரு வருஷத்துல அவன் வச்சிருந்த படங்கள் 1,840. அதில் முழு ஜூமில் எடுத்தது 210. அதாவது நூத்துக்குப் பதினொண்ணு. மீதி எல்லாமே கேமராவில் இன்னும் ஜூம் மிச்சம் இருக்கும்போதே எடுத்தவை. "ஜூம் பத்தல" என்று அவன் உறுதியா நம்பிட்டிருந்தான். அவன் கேமரா அப்படிச் சொல்லல.

சரி, அந்த 210 படத்துக்காவது 3000 மி.மீ. உதவுமா? மூணு விஷயம் யோசிங்க.

ஒண்ணு, 2000-லிருந்து 3000 என்றால் பறவை ஒன்றரை மடங்கு பெருசாகத் தெரியும். கை நடுக்கமும் அதே ஒன்றரை மடங்கு பெருசாகும்.

ரெண்டு, முழு ஜூமில் பி900-ன் லென்ஸ் எஃப்/6.5 வரை திறக்கும். பி1000, பி1100 ரெண்டும் எஃப்/8 வரைதான். சென்சாரில் விழும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ-வை ஏத்தணும், ஏத்தினா புள்ளி கூடும். தம்பியோட ரெண்டாவது புகாரை இந்தக் கேமரா தீர்க்காது, முழு ஜூமில் இன்னும் மோசமாக்கும்.

மூணு, நம்ம ஊர் வெயில். ஒன்பது மணிக்கு மேல தண்ணிக்கும் தரைக்கும் மேல காத்து அலையலையா ஆடும். நானூறு அடி தூரத்துப் பறவை அந்தக் காத்து வழியாத்தான் தெரியும். எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் அந்த அலையும் சேர்ந்துதான் பெருசாகும்.

இன்னொண்ணும் செஞ்சு பார்த்தோம். பி900-ல் எடுத்த படத்தையே ஒன்றரை மடங்கு க்ராப் பண்ணினோம். 16 மெகாபிக்சல் 7 ஆகக் குறைஞ்சது. ஃபோனில் பார்க்க அது தாராளம். ஏ4 அளவில் பிரிண்ட் போட்டாலும் போதும்.

காலை நேரத்துப் புள்ளிதான் உண்மையான குறை என்றால், தேவை பெரிய சென்சார். உதாரணத்துக்கு சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4-ல் ஒரு அங்குல சென்சார், பரப்பளவில் சுமார் நாலு மடங்கு. ஆனா ஜூம் 600 மி.மீ.யோடு நின்னுடும், விலையும் கூட. பெரிய ஜூம், பெரிய சென்சார், சின்ன விலை: மூணில் ரெண்டைத்தான் கேட்கலாம்.

இப்போ பணக் கணக்கு

கேமரா விலை எளிமைக்காக 90,000 ரூபாய் என்று வைப்போம். மத்த தொகைகளும் எங்க கணக்குக்காக வச்சதுதான். உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க, முறைதான் முக்கியம்.

முதலில் அந்த நோ காஸ்ட் இஎம்ஐ. மாசம் 7,500 வீதம் 12 மாசம், மொத்தம் 90,000. பார்த்தா வட்டியே இல்லாத மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது வேற. பேங்க் வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுப்பாங்க. 15 சதவீத வட்டி என்றால் கடன் சுமார் 83,100, வட்டி சுமார் 6,900. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, சுமார் 1,240 ரூபாய். அது உங்க தலையில்தான். ப்ராசஸிங் ஃபீயும் சேர்த்தா ஏறக்குறைய 1,500. ரொக்கமா வாங்கினா கிடைக்கக்கூடிய தள்ளுபடியையும் இழப்பீங்க.

அடுத்தது, யாரும் பார்க்காத செலவு. பி900-க்கு இஎன்-இஎல்23 பேட்டரி. புதுசுக்கு இஎன்-இஎல்20ஏ. தம்பி வாங்கி வச்சிருந்த ரெண்டு ஸ்பேர் பேட்டரியும் வீண். அவன்கிட்ட இருக்கும் ஃபில்டர் 67 மி.மீ., பெரிய லென்ஸுக்கு 77 வேணும். பையும் பத்தாது.

கேமரா: 90,000
பேட்டரி, ஃபில்டர், பை: 7,000
இஎம்ஐ செலவு: 1,500
கழிக்க, பழைய கேமரா வித்தால்: 22,000
கையிலிருந்து போவது: 76,500

நாலு வருஷம் கழிச்சு புதுசு 30,000-க்குப் போகும் என்று வைப்போம். விக்காம வச்சிருந்தா பழசும் அப்போ ஒரு 8,000-க்குப் போகும். வித்தியாசம் 22,000, அதைக் கழிச்சிடுவோம். ஆக அப்கிரேடின் உண்மையான விலை 54,500.

தம்பி போன வருஷம் எத்தனை தடவை கேமராவோடு வெளியே போனான்? போட்டோ தேதிகளை வச்சு எண்ணினோம். 14 தடவை. "வாரா வாரம் போறேன்"னு சொல்லிட்டிருந்தான்! 54,500-ஐ நாலு வருஷத்துக்கும் 14 தடவைக்கும் வகுத்தா, ஒரு தடவைக்கு சுமார் 970 ரூபாய். அதுவும் நூத்துல பதினொரு படத்துக்காக.

வருஷத்துக்கு 40 தடவை போறவருக்கு இதே கணக்கு 340 ரூபாய்தான். அவருக்குப் பதில் வேற மாதிரி வரலாம். அதனாலதான் யூடியூப் ரிவ்யூ பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றேன். ரிவ்யூ பண்றவருக்கு நீங்க வருஷத்துக்கு எத்தனை நாள் வெளியே போறீங்கன்னு தெரியாது.

"டேக்ஸ்ல காட்டலாமா அண்ணா?"

எல்லாரும் கேட்கிற கேள்வி. சம்பளம் மட்டும்தான் வருமானம் என்றால், முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் நிலையான தொகைதான், கேமரா பில்லை வச்சு எதையும் கூட்ட முடியாது. கேமராவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 90,000-க்குள் சுமார் 13,700 வரி இருக்கு, அதுவும் திரும்ப வராது. போட்டோ எடுத்து உண்மையிலேயே தொழில் வருமானம் காட்டுறவங்க தேய்மானம் கேட்கலாம், அது தனிப் பதிவு. "பின்னாடி சம்பாதிச்சுக்கலாம்" என்ற நினைப்பை மட்டும் கணக்கில் எழுதாதீங்க.

இதுவரைக்கும் கேமரா. இனிமேல்தான் விஷயமே

தம்பி கைக்கு வரும் சம்பளம் 48,000. வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிச்சம் 10,000. அதில் 5,000 எஸ்ஐபி, 5,000 அவசர நிதி. அவசர நிதியில் இப்போ இருப்பது 70,000. மாசச் செலவு 38,000 என்பதால், ரெண்டு மாசத்துக்குக்கூட முழுசா வராது.

நான் கேட்டேன்: "உன் ப்ராஜெக்ட் எப்போடா முடியுது?"

"மார்ச்."

"அடுத்தது?"

"இன்னும் சொல்லல அண்ணா."

கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசல. 7,500 இஎம்ஐ போட்டா, 12 மாசத்துக்குச் சேமிப்பில் 2,500தான் மிஞ்சும். வேலைக்கு ஏதாவது ஆனா வாடகையும் இஎம்ஐ-யும் சேர்ந்து நிக்கும். கேமராவை அவசரத்துக்கு வித்தா பாதி விலைகூட வருமான்னு சந்தேகம். 27 வயசுல ஒரு ஆசைப்பட்ட பொருள் வாங்குறதுல எந்தத் தப்பும் இல்ல. அவசர நிதி பாதியில் நிற்கும்போது வாங்குறதுதான் தப்பு.

வாங்கும் முன் ஒரு வார இறுதி

அலமாரியில் கிடந்த என் பி1000-ஐ அவன்கிட்ட கொடுத்தேன். லென்ஸும் பிக்சலும் பி1100-ல் இருப்பதுதான், அதனால இது சரியான பரீட்சை. உங்களுக்கு இப்படி அண்ணன் இல்லைன்னா வாடகைக்கு எடுங்க. 90,000 ரூபாய் தப்பைத் தவிர்க்கக் கொடுக்கும் வாடகை ஒரு செலவே இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு வந்தான். நீலத்தாழைக்கோழி, மஞ்சள்மூக்கு நாரை, நிலா எல்லாம் எடுத்திருந்தான். "நிலா ஃப்ரேமுக்குள்ள அடங்கவே மாட்டேங்குது அண்ணா!" உண்மைதான். பி900-ல் நிலா ஃப்ரேம் உயரத்தில் சுமார் 70 சதவீதம் வரும். 3000-ல் ஃப்ரேமையே தாண்டிடும். நிலாவையே குறியா வச்சு, ட்ரைபாடோடு போறவங்களுக்கு இந்தக் கேமரா பிரமாதம், தாராளமா வாங்கலாம்.

பறவைகள்? "பெருசா வித்தியாசம் தெரியல. கழுத்துதான் வலிக்குது." அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒண்ணு சொன்னான்: "ஆனா வியூஃபைண்டர் சூப்பர். பறவை எங்க இருக்குன்னு டக்குனு பிடிக்க முடியுது."

இதுதான் அவனுக்கு உண்மையில் வேண்டிய வித்தியாசம்! அதற்கு 125 மடங்கு ஜூம் தேவையில்ல. பி950-லேயே அந்தத் தெளிவு இருக்கு, ராவும் இருக்கு. பயன்படுத்திய பி950 ஒண்ணு 45,000-க்குக் கிடைச்சா, பழைய 67 மி.மீ. ஃபில்டர் அப்படியே பொருந்தும், பேட்டரிக்கு மட்டும் 3,500. பழசை வித்தது போகக் கையிலிருந்து 26,500. நாலு வருஷம் கழிச்சு அது 15,000-க்குப் போனா, மேலே போட்ட அதே கணக்குப்படி உண்மையான விலை 19,500. ஒரு தடவைக்கு சுமார் 350 ரூபாய்.

அதையும் உடனே வாங்கல. அவசர நிதி மூணு மாசச் செலவைத் தொடணும், அடுத்த ப்ராஜெக்ட் உறுதியாகணும். அதுக்கப்புறம்தான் கேமரா என்று முடிவு பண்ணியிருக்கான். அதுவரைக்கும் பி900-க்கு ஒரு மோனோபாட், வெயில் ஏறும் முன்னாடி கிளம்ப ஒரு அலாரம்.

உங்களுக்கான வீட்டுப்பாடம்

1. கடைசி ஒரு வருஷத்துப் படங்களில் எத்தனை முழு ஜூமில் இருக்கு? எண்ணுங்க.
2. எத்தனை நாள் கேமராவை எடுத்தீங்க? ஞாபகத்திலிருந்து சொல்லாதீங்க, தேதியைப் பாருங்க.
3. அப்கிரேடின் உண்மையான விலையைப் போட்டு, அந்த நாட்களால் வகுங்க.
4. அவசர நிதி மூணு மாசத்தையாவது தொட்டிருக்கா?
5. ஒரு வார இறுதி வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துப் பாருங்க.

இந்த அஞ்சையும் தாண்டியும் "வேணும்"னு தோணினா, குற்ற உணர்ச்சியே இல்லாம வாங்குங்க. கணக்குப் போட்டு வாங்கின பொருள் அலமாரிக்குப் போறது குறைவு.

என் பி1000 என்ன ஆச்சுன்னு கேட்காதீங்க. வித்துட்டேன். வாங்கின விலையில் பாதிகூட வரல. அதையும் இந்தப் பாடத்துக்கான ஃபீஸ்னு எழுதிக்கிட்டேன்.

உங்க கணக்கு என்ன வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.