வடக்கத்திப் பஜனை நமக்கு எதுக்கு?

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் நாதஸ்வரம் கேட்டுவிட்டு, சாண்டர் சாலை லட்சுமி நாராயணர் கோயிலுக்கு நடந்து போய்ப் பாருங்க. அங்கே ஹார்மோனியம், தபேலாவோடு இந்தி பஜனை நடக்கும். "அது வடக்கத்திப் பாட்டு, நமக்கு எதுக்கு?" என்று கேட்கிற இளையர்கள் நம்மிடையே உண்டு. இந்தப் பாடம் அவர்களுக்குத்தான்.

முதலில் ஒரு வித்தியாசம். இந்துஸ்தானி இசையில் 'கயால்' பாடும்போது சொற்கள் குறைவு. ராகத்தை விரிப்பதுதான் வேலை. பஜனையிலோ ராகம் சொல்லுக்குத் துணை. நாமம் தெளிவாகக் கேட்கணும், கூட்டம் திரும்பப் பாடணும். அதனால்தான் பெரும்பாலும் எட்டு மாத்திரை கொண்ட எளிய தாளம். நம் பல்லவி போல முதல் பகுதி 'ஸ்தாயி'. அடுத்தது, மேல் ஸ்தாயிக்கு ஏறும் 'அந்தரா'.

ராகங்களும் அந்நியமில்லை. அவர்கள் பூபாளி என்பது நம் மோகனத்துக்கு நெருக்கம்; மால்கௌன்ஸ், ஹிந்தோளத்துக்கு; யமன், கல்யாணிக்கு. ஸ்வரம் ஒன்றானாலும் கமகம் வேறு. பெயரை மட்டும் நம்பிடாதீங்க: அவர்களுடைய பைரவி, ஸ்வரத்தில் நம் தோடியை ஒட்டியது!

இந்த உறவு நேற்று வந்ததல்ல. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை தஞ்சையை ஆண்டவர்கள் மராத்தியர்கள். துக்காராம், நாமதேவர் பாடிய மராத்தி அபங்கங்கள் தமிழ்நாட்டுப் பஜனை மரபில் கலந்தன. இன்றும் நம் பாகவதர்கள் விட்டலனைப் பாடுகிறார்கள்.

அப்துல் கரீம் கானை எடுத்துக்குங்க. கிரானா கரானாவின் பெரிய பாடகர், முஸ்லிம். ஹரியைப் பற்றிய பாடலையும் தியாகராஜர் கீர்த்தனையையும் இசைத்தட்டில் பதிவு செய்தார். 1937இல் புதுச்சேரிக்கு ரயிலில் போகும் வழியில், செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய சீடர் சவாய் கந்தர்வா. சவாய் கந்தர்வாவின் சீடர் பீம்சேன் ஜோஷி. ஜோஷி மராத்தி அபங்கமும் பாடினார், புரந்தரதாசரின் கன்னடப் பாடல்களும் பாடினார். நாம் சரளி வரிசை படிக்கும்போதே கேள்விப்படும் அதே புரந்தரதாசர்தான்.

பக்திப் பாட்டுக்கு ஊர் எல்லை போட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. பொருள் தெரியாமல் உச்சரிப்பைக் குழப்பிப் பாடுவது பாட்டுக்கும் மரியாதை இல்லை, சாமிக்கும் மரியாதை இல்லை.

இந்த வாரப் பயிற்சி:

1. ஒரு பஜனையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதுங்கள். இந்தி தெரிந்த நண்பரிடம் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தம்பூரா சுருதியில் ஸ்தாயியை மட்டும் பத்து முறை பாடுங்கள், பிறகே அந்தரா.

3. மோகனத்தில் ஒரு தமிழ்ப் பாட்டையும் பூபாளியில் ஒரு பஜனையையும் அடுத்தடுத்துக் கேட்டு, வேறுபாட்டைக் குறித்து வையுங்கள்.

முறையாகக் கற்க விரும்பினால், 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இருக்கிறது. கர்நாடக இசையோடு இந்துஸ்தானி வாய்ப்பாட்டும் அங்கே கற்பிக்கப்படுகிறது. அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொரு பஜனை, பொருளோடு பாடுவோமா?