இலவசக் கண் சிகிச்சை: யாழ்ப்பாணத்தில் நிலவும் நம்பிக்கைகளும் உண்மைகளும்

கண்ணின் உள்ளே ஒளியைக் குவிக்கும் வில்லை தெளிவிழந்து மங்கிப்போவதே கண்புரை எனப்படுகின்றது. உலகில் பார்வையிழப்புக்கு முதற் காரணமாக விளங்கும் இந்நோய் சத்திரசிகிச்சையால் நீக்கத்தக்கது. அச்சிகிச்சை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. இருந்தும் குடாநாட்டின் முதியோர் சிலர் மங்கிய கண்ணோடு ஆண்டுக்கணக்கில் வீட்டில் முடங்கியிருப்பதற்கு, வறுமையோடு பழைய நம்பிக்கைகள் சிலவும் காரணமாகின்றன.

நம்பிக்கை 1: இலவச சிகிச்சை ஏழைகளுக்கு இடும் தருமம்; மானமுள்ளவர் அதை நாடுவதில்லை.

உண்மை: இவ்வெண்ணத்துக்கு வரலாற்று வேர் ஒன்று உண்டு. இன்றைய போதனா வைத்தியசாலை, அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் காலத்தில், 1850 இல், நன்கொடையால் இயங்கும் அறநிலையமாகவே தொடங்கிற்று. ஆனால் 1951 இல் இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டதோடு, சிகிச்சை குடிமக்கள் அனைவருக்கும் உரிய பொதுச் சேவையாயிற்று. கடையில் சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளியும் அதன் விலையோடு வரி செலுத்துகின்றார் என்பதால், வைத்தியசாலையை நடத்தும் பணத்தில் அவருடைய பங்கும் அடங்கியுள்ளது. அங்கு செல்பவர் எவரிடமும் இரந்து நிற்பதில்லை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய ஆதார வைத்தியசாலைகளுள் அருகிலுள்ளதன் வெளிநோயாளர் பிரிவில் கண்ணைக் காட்டி, கண் சிகிச்சைப் பிரிவுக்கான கடிதத்தைப் பெற்றுக்கொள்ளலாம். இதற்கென வறுமைச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

நம்பிக்கை 2: விலை குறைந்த வில்லை தரத்திலும் குறைந்தது.

உண்மை: மங்கிய வில்லையை அகற்றிய இடத்தில் பொருத்தப்படும் செயற்கை வில்லையை 1949 இல் லண்டனில் முதன்முதலாகப் பொருத்தியவர் ஹரோல்ட் ரிட்லி. நெடுங்காலம் வசதியுள்ளோர்க்கே எட்டிய அவ்வில்லையின் விலையை உடைத்தது மதுரை. அங்கு 1976 இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992 இல் அரோலேப் என்னும் தன் தொழிற்சாலையில் வில்லைகளைத் தானே செய்யத் தொடங்கி, இறக்குமதி விலையின் சிறு பங்குக்கு அவற்றை வழங்கியது. அவை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. விலை குறைந்ததற்குக் காரணம் பெருந்தொகையான உற்பத்தியும் இலாபத்தை முதன்மையாகக் கொள்ளாத நோக்கமுமே.

நம்பிக்கை 3: புரை நன்றாகப் பழுத்த பிறகே வெட்ட வேண்டும்.

உண்மை: வில்லையை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுத்த காலத்தில் இவ்வறிவுரை பொருத்தமாயிருந்தது. இக்காலச் சத்திரசிகிச்சையில், சிறு வெட்டு ஒன்றின் வழியே செவியுணரா ஒலியலைகளால் வில்லை நொறுக்கி உறிஞ்சப்பட்டு, எஞ்சிய உறையினுள் புதிய வில்லை வைக்கப்படுகின்றது. புரை முற்றினால் அது கல்லென இறுகி, நொறுக்குவதற்குக் கடினமாகின்றது. சிலருக்கு அது வீங்கி, கண்ணினுள் ஊறும் நீர் வடியும் வழியை அடைத்து, மீளாப் பார்வையிழப்பையும் உண்டாக்குகின்றது. அரிசியில் கல் பொறுக்கவும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கவும் முடியாமற்போகும் நாளே வைத்தியரைக் காணவேண்டிய நாளாகும். காத்திருப்போர் பட்டியல் நீளக்கூடும் என்பதனால், முந்திப் பதிவதே நன்று.

நம்பிக்கை 4: கண்ணில் தூசோ உமியோ பட்டால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டால் போதும்.

உண்மை: சூடடிக்கும்போது தெறிக்கும் நெல் உமியும், தோட்டத்தில் கீறும் இலை நுனியும் கருவிழியில், அதாவது கண்ணின் முகப்பிலுள்ள கண்ணாடி போன்ற படலத்தில், கண்ணுக்குத் தெரியாத காயத்தை ஏற்படுத்தலாம். அக்காயத்தின் வழியே பூஞ்சணமும் பற்றீரியாவும் புகுந்து புண்ணாக்கினால், ஆறிய பின்னும் வெண்தழும்பு நின்று பார்வையை மறைத்துவிடும். வீட்டிலிருந்து விடப்படும் பாலும் எண்ணெயும் கிருமிநீக்கம் செய்யப்படாதவையாதலால், அத்தொற்றுக்கு அவையே வழிதிறக்கக் கூடும். கண்ணைக் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவி, உறுத்தல் தொடர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்வதே முறை.

நம்பிக்கை 5: நோவில்லாத கண்ணுக்கு நோயில்லை.

உண்மை: கண்ணின் உட்பக்க அழுத்தத்தோடு தொடர்புற்றுப் பார்வை நரம்பு நலியும் கண் அழுத்த நோயும், நீரிழிவால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசியும் நோயும் பெரும்பாலும் நோவின்றியே முற்றுகின்றன, அவற்றால் இழந்த பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்போர், பார்வை தெளிவாக இருந்தாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டவேண்டும். வீட்டில் செய்யத்தக்க எளிய சோதனையும் ஒன்று உண்டு: ஓர் உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, மறு கண்ணால் சுவர்க் கலண்டரின் திகதியைப் படித்து, பின்னர் கண்ணை மாற்றிப் படிக்க வேண்டும். இரு கண்ணும் திறந்திருக்கையில் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடுவதால், ஒரு கண் மங்கியதைப் பலர் இவ்வாறு மூடிப்பார்க்கும்போதே முதன்முதலாக உணர்கின்றனர்.

இவ்வளவும் கூறிய பின்னர், இலவசம் என்னும் சொல்லுக்குள் அடங்காத செலவுகளையும் ஒளிக்காமற் கூறவேண்டும். மூக்குக்கண்ணாடிக்குப் பணம் வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது கண்டதுபோல, கையிருப்பில்லாத மருந்தை வெளியே வாங்கவும் நேரலாம். இவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரையும், ஊரிலுள்ள லயன்ஸ், ரோட்டரி கழகங்களையும் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். குறிகட்டுவானுக்குப் படகேறி வரவேண்டிய நெடுந்தீவு முதியவருக்கும், பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டிலிருக்கத் தனித்து வாழும் தாய்க்கும் பணத்தினும் அரிதானது துணைக்கு வரும் ஓர் ஆள். இத்துணையை ஊர் தரமுடியும். சனசமூக நிலையத்தில் நாள்தோறும் பத்திரிகை வாசித்த முதியவர் எந்த மாதத்திலிருந்து வாசிப்பதை விட்டார் என்பது அங்கு கூடுவோர்க்குத் தெரியும். அவரைக் கண் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல ஒரு நாளை ஒதுக்குவது அவர்களால் இயலும். மறுபடி அவர் பத்திரிகையைக் கையில் எடுக்கவும் அது வழியாகும்.