தீபாவளிக்கு ஒரு வருடக் கணக்கு



தீபாவளி நெருங்கினால் தோட்டத்தில் பேச்செல்லாம் முற்பணத்தைப் பற்றித்தான். பிறகு துணி, பலகாரம், ஆட்டிறைச்சிப் பங்கு. கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகள் பையோடு வந்து இறங்குவார்கள். பல குடும்பங்கள் வருடத்தில் அந்த ஒரு தடவைதான் காம்பராவில் ஒன்றாக இருக்கின்றன. அன்றைய சந்தோசம் கெட்டுவிடக்கூடாது என்று கஷ்டத்தை மட்டும் ஆளுக்கு ஆள் மறைத்துக்கொள்கிறோம். மறைத்தால் கஷ்டம் போய்விடுமா? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

ஒரு குடும்பத்தின் 2022

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பாயி வேலையிலிருந்து நின்று சில வருடங்கள் ஆகின்றன. மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மகள் சாதாரண தரம் படித்தாள்.

அந்த வருடம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும். 2021இல் உரம் வராமல் போனதன் பாதிப்பு மலையில் தெரிந்தது. 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் நிறை வராது. நிறை வராவிட்டால் அரைப் பேர்தான். நாட்சம்பளம் 1,000 ரூபா. ஆனால் கோதுமை மாவும் அரிசியும் ஏறிக்கொண்டே போயின. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பொருட்களின் விலை முந்திய வருடத்தைவிட நூற்றுக்கு 69.8 வீதம் கூடியிருந்தது.

இந்தக் குடும்பத்துக்கு நல்லதும் நடந்தது. மகள் மே மாதத்தில் சோதனையை நன்றாக எழுதினாள். ஆகஸ்டில் பசு கன்று போட்டது. ஆனால் யாருக்கும் தெரியாமல் வேறு சிலதும் நடந்தது.

அந்த வருடத் தீபாவளி ஒக்டோபர் 24ஆம் திகதி. முதல் நாள் இரவு ஸ்தோப்பில் பாய் விரித்து எல்லாரும் முறுக்குச் சுற்றினார்கள். அப்போது அப்பாயி சொன்னார்: "எல்லாரும் வந்துட்டீங்க. இந்த வருசம் அவங்கவங்களுக்கு என்ன நடந்துச்சு, நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க. யாரும் யாரையும் ஏசக்கூடாது. நான் மொதல்ல சொல்றேன். கண் மங்கிப்போச்சு. கிளினிக் போனா பஸ் காசு செலவாகுமுன்னு சொல்லாம இருந்துட்டேன்."

பிறகு மகன் சொன்னான். ஜூன், ஜூலையில் எரிவாயு இல்லாமல் கடை மூடிக்கிடந்தது. அந்த இரண்டு மாதமும் அவன் வீட்டுக்கு அனுப்பிய 20,000 ரூபா சிநேகிதனிடம் வாங்கிய கடன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கடைப்பற்று 18,500 ரூபா நிற்கிறது என்றார். அதில் எல்லாமே அரிசி மாவு இல்லை என்றும் ஒத்துக்கொண்டார். அம்மா தன் தோட்டை மார்ச் மாதம் 40,000 ரூபாவுக்கு அடகு வைத்திருந்தார். தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்டாள், கொடுத்திருக்கிறேன் என்று வீட்டில் பொய் சொல்லியிருந்தார்.

கடைசியாக மகள் சொன்னாள்: "எனக்குத் தெரியும்மா. சித்தி வந்தப்ப அவங்க காதுல அந்தத் தோடு இல்ல. அதான் தீபாவளி முடிஞ்சதும் கார்மண்டுக்கு வர்றேன்னு பக்கத்து லயத்து அக்காகிட்ட சொல்லிட்டேன். படிப்பு போதும்."

பாருங்கள், வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர்களைக் காப்பாற்றத்தான் மறைத்தார்கள். அந்த மறைவு ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தப் பார்த்தது.

கொப்பியில் எழுதியது

அன்றிரவே மகளின் பழைய கொப்பியில் கணக்கு எழுதினார்கள். அடகு 40,000. அதற்கு நூற்றுக்கு மாதம் 3 ரூபா வட்டி, அதாவது மாதம் 1,200. ஏழு மாதத்துக்கு 8,400. சிநேகிதன் 20,000. கடைப்பற்று 18,500. மொத்தம் 86,900 ரூபா. இதற்கு மேல் தீபாவளி முற்பணம் 15,000. அதைப் பத்து மாதத்தில் கழித்தால் மாதம் 1,500. 1,000 ரூபா சம்பளத்தில் அது ஒன்றரை நாள் உழைப்பு.

தொகை பெரிதுதான். ஆனாலும் இருட்டில் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. வட்டி ஓடும் கடனை முதலில் அடைப்பது என்று முடிவு. பால் காசு முழுவதும் அடகுக்கு. சிநேகிதனின் கடன் மகன் பொறுப்பு. கடைப்பற்று அப்பா பொறுப்பு, இனிமேல் கைக்காசுக்கு மட்டும் சாமான். மகள் பெறுபேறு வரும் வரை எங்கும் போவதில்லை.

மறுநாள் பலகாரம் சாப்பிடப் போன என்னிடம் அப்பாயி தன் கடதாசிகளைக் காட்டி, "ஐயா, இதுல இன்னும் ஏதாச்சும் வரவேண்டியது இருக்கா பாருங்க" என்றார். ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் எடுத்திருந்தார். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டார். அதற்குப் பத்திரம் நிரப்பினோம். சித்திரை வருடப் பிறப்புக்கு முன் தோடு வீட்டுக்கு வந்தது. மகள் சித்தியடைந்து உயர்தரமும் எழுதினாள்.

நாம் படிக்க வேண்டியது

1. பெரியவர் ஒருவர் முதலில் தன் குறையைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். சொன்னதற்காக யாரையும் ஏசக்கூடாது. குடித்துவிட்டு இதைப் பேசவே கூடாது.

2. நல்லதையும் சொல்லுங்கள். கன்று போட்டதும் பிள்ளை நன்றாக எழுதியதும் கணக்கில் சேர்ந்தவைதான்.

3. கடனை எழுதும்போது யாருக்கு, எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள். வட்டி கூடியதை முதலில் அடையுங்கள்.

4. வரவேண்டியதையும் எழுதுங்கள். சேமலாப நிதியில் நமது பங்கும் தோட்டத்தின் பங்கும் உண்டு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைக் கேட்கலாம். நம்பிக்கை நிதி வேறு. அது தோட்டம் மட்டும் கட்டும் நூற்றுக்கு 3 வீதம். நமது சம்பளத்தில் அதற்கு வெட்டு இல்லை. பணிக்கொடை மூன்றாவது. ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிடைக்கும். சம்பளத் துண்டுகளை எறியாமல் வையுங்கள்.

5. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நாம் சொல்லாவிட்டாலும் அவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அரைகுறையாகத் தெரிந்துகொள்ளும் பிள்ளைதான் அவசர முடிவு எடுக்கும்.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ஆனது, 2024இல் 1,350 ஆனது. சம்பளம் கூடக் கூட மறைவான கடனும் கூடினால் நமக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. இந்தத் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முதல் நாள் இரவு, ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒரு கொப்பி போதும்.

மாதர் சங்கத்தில் பேசிப் பாருங்கள்:
நமது வீட்டில் யாருக்கும் சொல்லாத கடன் உண்டா? அதை முதலில் யாரிடம் சொல்லலாம்? நமது பெரியவர்களுக்கு வரவேண்டிய மூன்றும் வந்துவிட்டனவா?

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துக்கள்.