சாரைப் பாம்பும் வரப்பெலியும்

நிலக்கடலைக் காட்டில் களை எடுக்கும்போதோ, வரப்போரத்துப் புல்லை அறுக்கும்போதோ ஆறேழு அடி நீளமுள்ள பாம்பொன்று சரசரவென்று ஓடக் கண்டால், சேலம், நாமக்கல் பக்கத்துக் குடியானவர் முதலில் தேடுவது தடியையே. அவ்வாறு அடிபட்டுச் சாவது பலமுறையும் சாரைப் பாம்பாகவே இருக்கிறது. மனிதருக்குத் தீங்கு செய்யத்தக்க விஷம் சாரையிடம் கிடையாது. அது பகலில் இரை தேடும் ஜந்துவாதலால் நம் கண்ணில் அடிக்கடி படுகிறது. அதுவே அதற்குக் கேடாக முடிகிறது.

அதனை அறிந்துகொள்ளுதல் கடினமன்று. மேனி பழுப்பு நிறம், வாற்பக்கம் கறுப்புப் பட்டைகள் தென்படும், உதட்டோரத்தில் கறுப்புக் கோடுகள் உண்டு, கண் பெரியது. நாகத்தைப்போல் படம் விரிக்காது. தப்ப வழியின்றி மடக்கப்பட்டால் கழுத்தைப் புடைத்துக்கொண்டு உறுமுவதுபோல் சீறும். வழி கிடைத்தால் ஓடிவிடும்.

இனி, வரப்பெலியின் விஷயத்தைக் கவனிப்போம். இவ்வெலி கதிரைக் கத்தரித்துத் தின்பதோடு நில்லாமல், வளைக்குள் கொண்டுபோய்ச் சேமித்தும் வைக்கிறது. ஒரே ஈற்றில் பல குட்டிகளைப் போடும். ஆண்டில் பலமுறை ஈனும். பூனை வளைவாயிலில் காத்திருக்க வேண்டும். ஆந்தை வெளியே வந்த எலியைத்தான் பிடிக்கும். சாரையோ வளைக்குள்ளேயே நுழைந்து, தாயையும் கண் திறவாத குட்டிகளையும் விழுங்கிவிடுகிறது. மலைப்பாம்பைப்போல் இரையைச் சுற்றி இறுக்குவதில்லை. வாயால் கவ்வி, தன் உடற்பாரத்தால் அழுத்தி விழுங்கும். சங்கத்தில் பயிர்க்கடன் பெற்று விதைத்த அங்கத்தினருக்கு, வளைக்குள் போன கதிரும் கடன் கணக்கில் நிற்கத்தான் செய்யும். ஆகவே கூலி கேளாத இக்காவலாளியை அடிப்பது யாருக்கு நஷ்டம் என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நாகமும் சாரையும் பிணையும் என்றொரு நம்பிக்கை நம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலை தூக்கி நிற்பதைக் கண்டவர் அவ்வாறு கூறுவது இயல்பே. ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெண்ணை அடையும் பொருட்டு ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்த முயலும் மல்யுத்தமே அது. நாகம் நாகத்தோடுதான் சேரும்; சாரை சாரையோடுதான் சேரும். பெண் சாரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. பசுவின் மடியில் பால் குடிக்கிறதென்பதும் பொய்யே: உறிஞ்சிக் குடிப்பதற்கேற்ற உதடு பாம்புக்கு இல்லை, உட்புறம் வளைந்த ஊசிப்பற்கள் குத்தினால் பசு பொறுத்து நிற்குமா?

சாரையால் தொந்தரவே இல்லையென்று சொல்வதற்கில்லை. தவளைகளையும் தின்னும், சில வேளை கோழிக்குஞ்சையும் பிடிக்கும். கோழிக்கூட்டுக்கு நெருக்கமான கம்பிவலை அடிப்பதே அதற்குத் தக்க பரிகாரம்.

முற்காலத்தில் சாரைத் தோலுக்கு அயல்நாடுகளில் நல்ல கிராக்கி இருந்தது. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. பிழைப்பிழந்த அவர்கள் 1978இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். விஷப் பாம்புகளைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, அவற்றைத் திரும்பக் காட்டில் விடுவது அதன் தொழில். கொல்லாமலே வருவாய் பெறும் அச்சங்கத்தின் விஷம் மருந்து தயாரிக்கப் பயன்பட்டு வருகிறது. சாரையைக் கொல்வது இன்று சட்டப்படி குற்றமாகும்.

வீட்டுக்குள் நுழைந்த சாரைக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். போகாவிடில் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியனுப்பலாம். கடித்தது சாரைதான் என்று எவர் சொன்னாலும், கண்ணால் கண்டு நிச்சயிக்காத கடியை நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இவற்றின் கடியாகவே எண்ணி, கீறாமலும் இறுகக் கட்டாமலும் தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.