சுற்றுலாவும் பருவமும்: மழைக்காலக் கோவா தரும் பாடம்

நம் நாட்டின் சுற்றுலாத் தலங்களுள் பல, ஆண்டில் ஒரு சில மாதங்களே முழுமையாகப் பயன்படுகின்றன. எஞ்சிய மாதங்களில் விடுதிகளும் ஊர்திகளும் முடங்கிக் கிடக்க, அவற்றை நம்பி வாழும் தொழிலாளர் வருவாயின்றி வாடுகின்றனர். கூட்டம் குறைந்த பருவத்தில் பயணம் செய்வதைச் சிக்கனத்திற்கான வழியாக மட்டுமே பலர் கருதுகின்றனர். அது அத்தலத்து மக்களின் வாழ்வுக்கும் துணை செய்வதாகும். கோவா மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இரு வேறு பருவங்கள்

3,702 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள கோவாவில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை பயணிகள் குவிகின்றனர். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் அறை வாடகை பன்மடங்கு உயர்கிறது. ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. ஆண்டு மழையான சுமார் 3,000 மில்லிமீட்டரில் பத்தில் ஒன்பது பங்கு செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. கடற்கரையிலுள்ள தற்காலிக உணவுக் குடில்கள் பிரிக்கப்படுகின்றன. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. பிற மாநிலங்களிலிருந்து வந்த ஊழியர் பலர் ஊர் திரும்புகின்றனர்.

காலி அறையின் கணக்கு

விடுதி அறை சேமித்து வைக்க இயலாத பண்டம். இன்று விலைபோகாத அறையை நாளைக்கென இருப்பில் வைக்க முடியாது. இருபது அறைகள் கொண்ட ஒரு விடுதியைக் கற்பனை செய்து கொள்வோம். கடன் வட்டி, நிரந்தர ஊழியர் சம்பளம், பராமரிப்பு ஆகியவற்றிற்கு மாதம் ரூ. 2 லட்சம் செலவாகிறது. பயணி தங்கும் ஒவ்வோர் அறைக்கும் நாளொன்றுக்கு மேலும் ரூ. 300 செலவாகிறது என்க. வாடகையை ரூ. 900 ஆகக் குறைத்துப் பத்து அறைகளை மட்டும் மாதம் முழுவதும் நிரப்பினாலும், நிலையான செலவை ஈடுசெய்ய ரூ. 1,80,000 கிடைக்கும். அறைகள் காலியாகக் கிடந்தால் ரூ. 2 லட்சமும் நட்டமாகும். அந்நிலையில் முதலில் வேலையிழப்பவர் கடைநிலை ஊழியரே. எனவே, குறைந்த வாடகை செலுத்தும் மழைக்காலப் பயணி விடுதிக்குச் சுமையாகார். ஊழியரின் மாதச் சம்பளத்திற்கு அவர் துணையாகிறார்.

பயணி பெறும் பயன்

குளிர்காலக் கோவாவை மழைக்காலத்தில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். மழைக்காலத்திற்கென்றே உரியவை வேறு உள்ளன. கடற்கரையை விட்டு உட்பகுதிக்குச் சென்றால், உவர்நீர் புகாவண்ணம் கரையிட்டுக் காக்கப்படும் 'கஜான்' நிலங்களில், உப்பைத் தாங்கும் 'கோர்குட்' நெல் பயிராவதைக் காணலாம். ஜூன் 24-ஆம் நாள் 'சாவ் ஜுவாவ்' விழாவில் இளைஞர்கள் இலையும் பூவும் கொண்டு தொடுத்த வளையங்களைத் தலையில் சூடிக் கிணறுகளில் குதிக்கின்றனர். ஆடி மாதத்தை ஒட்டி மார்செல் ஊரின் தேவகி கிருஷ்ணர் கோவில் வெளியில் சேற்று விளையாட்டு விழா நடைபெறுகிறது. விநாயக சதுர்த்தியின்போது இல்லந்தோறும் காட்டுக் கனிகளும் காய்களும் 'மாட்டோளி'யாகக் கட்டப்படுகின்றன. மழைக்கெனக் கோடையிலேயே சேமித்த கருவாடும் ஊறுகாயும் உணவில் இடம்பெறுகின்றன. பழைய கோவாவின் தேவாலயங்களை நெரிசலின்றி நின்று காணலாம். இவ்வகைப் பயணத்தில் செலவாகும் பணம், கடற்கரையோடு நில்லாமல் உள்நாட்டுக் கிராமங்களுக்கும் சென்று சேர்கிறது.

கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பு மிக்கது. செங்கொடி நாட்டிய இடத்தில் நீரில் இறங்குதல் உயிருக்கே கேடாகும். அருவிகளில் திடீரென வெள்ளம் பெருகும். ஆதலால் அங்கு நீராடத் தடை விதிக்கப்படுவதுண்டு. தூத்சாகர் அருவிக்குத் தண்டவாளத்தின் வழியே நடந்து செல்வது கூடாது. 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் இரயில் பாதையில், மழைக்காலத்தில் வண்டிகளின் வேகம் குறைக்கப்பட்டுத் தனிக் கால அட்டவணை பின்பற்றப்படுகிறது. எனவே பயணத் திட்டத்தில் ஒரு நாளையேனும் கூடுதலாக ஒதுக்குதல் நலம். சதுர்த்தி நாட்களில் கடைகள் பல மூடப்படும் என்பதையும் நினைவிற் கொள்க. மழை சற்றுத் தணிந்தும் பசுமை மாறாதும் இருக்கும் செப்டம்பர் மாதம் முதன்முறை செல்வோர்க்கு ஏற்றது.

முடிவுரை

புதிய விடுதிகளையும் சாலைகளையும் உச்சப் பருவத்தின் தேவையை மட்டும் கருதிக் கட்டிக்கொண்டே போனால், நிலமும் நீரும் முதலீடும் ஆண்டின் பெரும்பகுதியில் வீணாகும். இருக்கின்ற வசதிகளை ஆண்டு முழுவதும் பரவலாகப் பயன்படுத்துவதே சிக்கனமான வளர்ச்சி. ஆனால், மழைக்காலத்திலும் பெருங்கூட்டத்தைத் திரட்டுவது நோக்கமாகிவிடலாகாது. சேறு நிறைந்த பாதைகளும் காடுகளும் அப்பளுவைத் தாங்கமாட்டா. பயணிகளின் தொகையைவிட, கிராமத்தில் தங்கும் நாட்களும் உள்ளூர் ஊழியர்க்குக் கிடைக்கும் வேலை மாதங்களுமே வெற்றியின் அளவுகோலாதல் வேண்டும். எட்டு மாத வேலை பன்னிரண்டு மாத வேலையாகுமாயின், மழைக்காலச் சுற்றுலா தன் பயனை அடைந்ததாகக் கொள்ளலாம்.