ஐந்தாம் நீர்நிலப் பெரும்படை: வரலாறும் தலைமையும்

திருக்குறளில் 'இடனறிதல்' அதிகாரத்தைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். நிலத்தில் ஓடும் ஊர்திக்கு நீரும், நீரில் மிதக்கும் கலத்துக்குத் தரையும் ஏற்ற இடமல்ல என்னும் கருத்து அங்கு வருகின்றது. "ஐயா, இரண்டிலும் செல்லும் ஊர்தி இருந்தால்?" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. ஆனால் வினா சிரிப்புக்குரியதன்று. அத்தகைய ஊர்தி இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் இருந்தது. ஊர்தி கிடைத்த பின்னும் தீராத சிக்கல் மற்றொன்று உண்டு. கடலில் ஒரு தலைவன், தரையில் ஒரு தலைவன். இரண்டும் கலக்கின்ற கரையில் எவருடைய ஆணை செல்லும்? இவ்வினாவுக்கு அமெரிக்காவின் ஐந்தாம் நீர்நிலப் பெரும்படையின் வரலாறு விடை தருகிறது. அவ்விடை எளிதில் கிடைத்ததன்று.

முதற்கண் சொல் விளக்கம் ஒன்று. 'டிவிஷன்' என்பது ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வீரர் வரை கொண்ட பிரிவு. இத்தகைய டிவிஷன்கள் இரண்டோ மூன்றோ சேர்ந்து ஒரு தளபதியின் கீழ் இயங்கும்போது அதனைப் படைத்துறையினர் 'கோர்' என்பர். ஈண்டு அதனைப் 'பெரும்படை' எனக் குறித்துள்ளேன். கப்பலிலிருந்து கரையேறிப் போரிடவே பயிற்றப்பட்ட வீரர் 'மரைன்' எனப்படுவர். அமெரிக்காவில் மரைன் படை கடற்படைத் துறையைச் சார்ந்தது. தரைப்படை வேறொரு துறை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்க. பின்னர் வரும் பூசல் முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

கடல்வழித் தாக்குதல் என்றாலே முதல் உலகப் போருக்குப் பின் அனைவர் நினைவிலும் நின்றது கலிபோலி. துருக்கியர் காத்து நின்ற அத்தீபகற்பத்தில் 1915 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தரப்புப் படைகள் இறங்கித் தோல்வியுற்றுத் திரும்பின. அவ்வாண்டு ஆகஸ்டில் சுவ்லா வளைகுடாவில் படையை இறக்கிய தளபதி ஸ்டாப்ஃபோர்டு, முதல் நாள் கப்பலிலேயே தங்கிவிட்டார். கரையில் எதிர்ப்புக் குறைவாயிருந்த நேரம் வீணாயிற்று. உயர்ந்த குன்றுகளைத் துருக்கியர் மீண்டும் கைக்கொண்டனர். இனி எவரும் இத்தகைய போரை முயலார் என்று பலர் முடிவு கட்டினர். அமெரிக்க மரைன் படையினரோ கலிபோலித் தோல்வியையே பாடமாக எடுத்துப் படித்தனர். குவாண்டிகோ நகரிலுள்ள தங்கள் பள்ளியில் 1934 ஆம் ஆண்டு கரையிறக்கப் போருக்கான கையேடு ஒன்றை உருவாக்கினர்.

ஆயினும் தலைமை பற்றிய வினா தெளிவடையச் சில ஆண்டுகள் ஆயின. 1942 இல் குவாடல்கனால் தீவில் கப்பற்கூட்டத்தின் தலைவர் டர்னரும் கரையிலிருந்த மரைன் தளபதி வாண்டகிரிஃப்டும் இதனால் முரண்பட்டனர். அதன் பின்னர் ஒரு நெறி நிலைபெற்றது. வீரர் கரையேறும் வரை ஆணை கடற்படைத் தலைவருடையது. தரைத் தளபதி தம் தலைமையகத்தைக் கரையில் நிறுவிப் பொறுப்பை ஏற்றதாக அறிவித்த பின், தரைப்போர் அவருடையது. காகிதத்தில் இது தெளிவாகவே உள்ளது.

1943 ஆகஸ்டு 25 ஆம் நாள் ஐந்தாம் நீர்நிலப் பெரும்படை அமைந்தது. கலிபோர்னியாக் கரையில் வீரரைப் பயிற்றிவந்த பசிபிக் கடற்படையின் நீர்நிலப் பெரும்படையே இப்புதுப் பெயர் பெற்றது. தளபதி ஹாலண்ட் ஸ்மித் அலபாமா மாநிலத்தவர், சட்டம் பயின்றவர், 1882 இல் பிறந்தவர். சினந்து சீறும் இயல்பினால் ஒரு பட்டப்பெயரும் பெற்றிருந்தார். கப்பற்பிரிவுக்கு 'ஐந்தாம் நீர்நிலப் படை' என்றே பெயர். அதன் தலைவர் டர்னர், இவரும் சினத்துக்குப் பெயர் போனவர். இருவருக்கும் மேலே அமைதியே வடிவான ஸ்புரூயன்ஸ். பெயர்கள் ஒன்றுபோலிருப்பது போதாதென்று, இவ்வரலாற்றில் ஸ்மித் என்னும் பெயருடைய தளபதியர் மூவர் வருகின்றனர்.

முதற் களம் கில்பர்ட் தீவுகள். 1943 நவம்பர் 20 ஆம் நாள் தராவா வளையத்தின் பெட்டியோ தீவில் ஜூலியன் ஸ்மித்தின் இரண்டாம் மரைன் டிவிஷன் இறங்கியது. வடக்கே மாக்கினில் ரால்ஃப் ஸ்மித்தின் 27 ஆம் தரைப்படை டிவிஷனைச் சேர்ந்த வீரர் இறங்கினர். பெரும்படைத் தளபதியாகிய ஹாலண்ட் ஸ்மித் மாக்கினுக்கு அப்பால் டர்னரின் கப்பலில் இருந்தார்.

பெட்டியோவைச் சூழ்ந்திருப்பது பவளப் பாறை. படகு அதனைக் கடக்க ஏறத்தாழ நான்கடி நீர் வேண்டும். அன்று கடல் போதிய அளவு ஏறவில்லை. அவ்விடத்து நீரேற்றம் நம்பத்தக்கதன்று என அத்தீவுகளில் வாழ்ந்து பழகிய ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தார். படகுகள் பாறையில் தட்டி நின்றன. வீரர் இறங்கிப் பல நூறு கஜம் இடுப்பளவு நீரில் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்தனர். சங்கிலிச் சக்கரங்களால் பாறைமீது ஊர்ந்து ஏறியவை 'ஆம்ட்ராக்' என்னும் ஊர்திகளே. மாணவர் கேட்ட ஊர்தி இதுதான்! அவை 125 மட்டுமே இருந்தன. பெரும்பாலானவை அப்போரிலேயே அழிந்தன. ஜூலியன் ஸ்மித் இருந்த மேரிலாந்து என்னும் போர்க்கப்பலில், அதன் சொந்தப் பீரங்கிகளின் அதிர்வால் வானொலிக் கருவிகள் பழுதுற்றன. தலைவன் நீரிலும் செய்தி காற்றிலுமாக, கரையில் நின்ற கர்னல் ஷூப் தம் அறிவைக் கொண்டே அன்றையப் போரை நடத்தினார். ஜூலியன் ஸ்மித் சேமப்படையை வேண்டியபோது ஹாலண்ட் ஸ்மித் தயங்காமல் விடுவித்தார். அதனால் களம் காக்கப்பட்டது. மூன்று நாளும் சில மணி நேரமும் நீடித்த அப்போரில் ஏறத்தாழ 1,000 அமெரிக்கர் மாண்டனர். தீவைக் காத்த ஏறத்தாழ 4,700 பேரில், கொரியத் தொழிலாளர் உட்பட, 146 பேரே உயிருடன் பிடிபட்டனர்.

மாக்கினில் பகைவர் குறைவு. ஆயினும் 6,000க்கும் மேற்பட்ட தரைப்படையினர் நான்கு நாள் எடுத்துக்கொண்டனர். அதற்கு மறுநாள், அருகே காவலிருந்த லிஸ்காம் பே என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் மூழ்கினர். தரைப்படையின் மந்தமே இதற்குக் காரணம் என ஹாலண்ட் ஸ்மித் மனத்தில் முடிவு செய்துகொண்டார். இக்கசப்பு ஏழு மாதம் கழித்து வெடித்தது.

1944 தொடக்கத்தில் மார்ஷல் தீவுகளில் தராவாவின் படிப்பினை பயன்பட்டது. பீரங்கித் தாக்குதல் நீண்டது, ஊர்திகள் பெருகின. குவாஜலினில் மாண்ட அமெரிக்கர் 400க்கும் குறைவு. விரைந்து கடப்போம், நம் கட்டுரையின் நடுக்களம் சைப்பான்.

1944 ஜூன் 15 ஆம் நாள் இரண்டாம், நான்காம் மரைன் டிவிஷன்கள் அத்தீவில் இறங்கின. பின்னர் 27 ஆம் டிவிஷனும் வந்து சேர்ந்தது. ஹாலண்ட் ஸ்மித் கரையேறித் தலைமையகம் அமைத்தார். மூன்று டிவிஷன்களும் வடக்கு நோக்கி அணிவகுத்தன: இருபுறமும் மரைன்கள், நடுவில் தரைப்படை. நடுப்பகுதி ஒடுங்கிய பள்ளத்தாக்கு. ஒருபுறம் தபோச்சாவ் மலையின் செங்குத்துப் பாறை, மறுபுறம் தொடர்குன்று. இரண்டிலும் குகைதோறும் துப்பாக்கி. வீரர் அதற்கு இட்ட பெயர் 'மரணப் பள்ளத்தாக்கு'. ஜூன் 23 ஆம் நாள் தாக்குதல் தாமதமாய்த் தொடங்கியது. முன்னேற்றம் மிகக் குறைவு. இருபுறமும் முன்சென்ற மரைன்களின் பக்கங்கள் காப்பின்றி நிற்க, போர்முனை லாட வடிவில் வளைந்தது.

மறுநாள் ஹாலண்ட் ஸ்மித் கடலுக்குச் சென்று டர்னரையும் ஸ்புரூயன்ஸையும் கண்டார். ஸ்புரூயன்ஸ் ஒப்புதல் தந்தார். ரால்ஃப் ஸ்மித் தம் டிவிஷன் தலைமையிலிருந்து போர்க்களத்திலேயே நீக்கப்பட்டார்.

மரைன் தளபதி ஒருவர் தரைப்படைத் தளபதியை நீக்குவதா? ஹவாயிலிருந்த தரைப்படைத் தலைவர் ரிச்சர்ட்சன் கொதித்தெழுந்தார். பக்னர் தலைமையில் தரைப்படை அதிகாரிகளே அடங்கிய விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். அக்குழு ஒரே நூலில் இரு முடிச்சுப் போட்டது. நீக்கும் அதிகாரம் ஹாலண்ட் ஸ்மித்துக்கு முறையாக இருந்தது என்றது. அவ்வாறு நீக்கியதைக் களத்தின் உண்மை நிலை நியாயப்படுத்தவில்லை என்றும் கூறியது. 27 ஆம் டிவிஷன் எதிர்கொண்ட நிலத்தின் கடுமையை அவர் முழுமையாக அறிந்திருக்கவில்லை எனக் காரணமும் காட்டியது.

தரைப்படையினர் தரைப்படையினருக்குத் தந்த தீர்ப்பு என இதனை ஒதுக்குவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்க இயலாது என்பதே என் கருத்து. தளபதி மாறிய பின்னும் அப்பள்ளத்தாக்கு முழுமையாகக் கைவர ஜூன் 30 ஆயிற்று. ஆளை மாற்றலாம், பாறையை மாற்ற இயலுமா? மேலும், ஜூலை 7 ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானியர் இறுதியாகத் திரண்டு பாய்ந்தபோது அவ்வெள்ளத்தை மார்பில் தாங்கியவை இதே 27 ஆம் டிவிஷனின் இரு பட்டாளங்களே. அவற்றில் 400க்கும் மேற்பட்டோர் அன்று மடிந்தனர். எனினும் ஹாலண்ட் ஸ்மித்தின் நிலையையும் எண்ண வேண்டும். பக்கங்கள் திறந்து நின்ற மரைன்களின் உயிருக்கும் பொறுப்பு அவருடையதே. அதிகாரம் இருந்தது, கவலை உண்மையானது; நிலத்தை நேரில் அறிதல் மட்டும் இல்லை. ஜூலை 9 இல் தீவு வீழ்ந்தது. மாண்ட அமெரிக்கர் 3,000க்கும் மேல். ஜப்பானிய வீரர் அதைப் போலப் பன்மடங்கு. வடகோடியில் மார்ப்பி முனையின் பாறைகளிலிருந்து ஜப்பானியக் குடிமக்கள் நூற்றுக்கணக்கில், குழந்தைகளுடன் குதித்து மாண்டனர்.

1944 ஜூலை 12 முதல் பெரும்படையின் தளபதி ஹாரி ஷ்மிட். ஹாலண்ட் ஸ்மித் பசிபிக் மரைன்கள் அனைவர்க்கும் தலைவராய் உயர்ந்தார். டினியான் தீவில் அகன்ற கரையை விட்டு, வடமேற்கே எவரும் எதிர்பாராத இரு குறுகிய மணற்கீற்றுகளில் இறங்குவது என மரைன்கள் விரும்பினர். டர்னர் முதலில் மறுத்தார். இரவில் நீந்திச் சென்று அளந்து வந்தோரின் அறிக்கைக்குப் பின் இணங்கினார். ஜூலை 24 இல் இறங்கி ஆகஸ்டு 1 இல் முடிந்தது. நிலத்தை அறிந்தவர் சொல் வென்ற இடம் இது.

இவோ ஜிமாவில் அது வெல்லவில்லை. பத்து நாள் கப்பற் பீரங்கித் தாக்குதல் வேண்டும் என்றார் ஷ்மிட். கடற்படை மூன்று நாளே தந்தது. 1945 பிப்ரவரி 19 இல் மூன்று மரைன் டிவிஷன்கள், ஏறத்தாழ 70,000 பேர், ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் எரிமலைத் தீவில் மோதின. குரிபயாஷியின் வீரர் நிலத்துக்கடியில் இருந்தனர். சுரிபாச்சி உச்சியில் கொடி ஏறிய படத்தை உலகம் அறியும். அதன் பின்னும் ஒரு மாதம் போர் நீடித்ததைப் பலர் அறியார். மார்ச் 26 வரை மாண்ட அமெரிக்கர் ஏறத்தாழ 6,800. பத்து நாள் தந்திருந்தால் இத்தொகை குறைந்திருக்குமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

ஒகினாவாவில் தலைமை ஹாலண்ட் ஸ்மித்துக்குக் கிட்டவில்லை. விசாரணைக் குழுவின் தலைவராயிருந்த அதே பக்னருக்குக் கிட்டியது. 1945 ஜூன் 18 இல் அவர் அங்கே கொல்லப்பட்டார். அதன்பின் சில நாள், தரைப்படையின் பத்தாம் சேனை முழுவதையும் நடத்தியவர் கெய்கர் என்னும் மரைன் தளபதி. எவரும் முறையிடவில்லை. ஹாலண்ட் ஸ்மித்துக்கு மிசூரி கப்பலில் நடந்த சரணாகதி நிகழ்ச்சிக்கும் அழைப்பு வரவில்லை. 1949 இல் வெளியிட்ட நினைவு நூலில் அவர் தம் கட்சியை வலிந்துரைத்தார்; தராவாவைத் தாக்கியதே பிழை என்றும் எழுதினார். நீக்கப்பட்ட ரால்ஃப் ஸ்மித் 104 வயது வரை வாழ்ந்து 1998 இல் மறைந்தார்.

1945 நவம்பரில் கியூஷு தீவின் மேற்குக் கரையைத் தாக்க ஐந்தாம் பெரும்படை ஆயத்தமாயிருந்தது. போர் அதற்குள் முடிந்துவிட, செப்டம்பர் 22 இல் சாசெபோ துறைமுகத்தில் அதன் வீரர் ஒரு குண்டும் வெடிக்காமல் கரையேறினர். மறுநாள் மற்றொரு பிரிவு அணுகுண்டால் அழிந்த நாகசாகியில் இறங்கியது. 1946 பிப்ரவரி 15 இல் பெரும்படை கலைக்கப்பட்டது.